குழந்தை துன்புறுத்தப்பட்டதாக ஐயம் எழும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டியவை

விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. ஆனால் தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடல் கன்றியிருந்தாலோ, காது, கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் காயம் இருந்தாலோ, கையுறை போட்டதுபோல் ஒரே கோட்டில் முடியும் வெந்நீர்ப் புண் தெரிந்தாலோ, "விழுந்துவிட்டது" என்ற பதிலோடு மருந்து எழுதி அனுப்பிவிடக் கூடாது. அதேவேளை, நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டைக் காயமென்று எண்ணிவிடாமல், தடுப்பூசிக்கு வந்தபோது அது இருந்ததா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசும் வயதுக் குழந்தையிடம் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "மாமா அடித்தாரா?" என்று பதிலை நாமே எடுத்துக்கொடுத்தால், அக்குழந்தையின் சொல் பின்னர் நீதிமன்றத்தில் வலுவிழக்கக்கூடும். சொன்னதை அதன் சொற்களிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் இயலாது.

ஏனெனில், 18 வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதை அறிந்தவரும், இழைக்கப்படலாம் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. நடந்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. குற்றத்தை மெய்ப்பிப்பது காவலர் வேலை, நம்முடையது அல்ல; ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதைப் போன்ற கேடு வேறில்லை. அடி, பட்டினி போன்ற பிற கொடுமைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

சிகிச்சைக்குக் காவல்துறையின் கடிதமோ முதல் தகவல் அறிக்கையோ தேவையில்லை. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே, குழந்தை நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பினுள் விரல் நுழைத்துப் பார்க்கும், உச்ச நீதிமன்றம் கண்டித்த இருவிரல் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பாலியல் வன்கொடுமை நடந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டியிருப்பதால், மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதானால் முதலுதவி முடிந்தவுடனேயே அனுப்புங்கள்; உடையை மாற்றவோ குளிப்பாட்டவோ வேண்டாம் என்று உடன் வருபவரிடம் சொல்லுங்கள்.

ஐயத்துக்குரியவர் அதே வீட்டில் வசிப்பவரானால் அதைத் தகவல் தரும்போதே அழுத்திச் சொல்லுங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அன்றிரவு குழந்தை எங்கே தங்குவது என்ற முடிவுக்கு உங்கள் குறிப்பே முதல் ஆதாரமாக இருக்கக்கூடும்.