பள்ளி திறக்கும் முன் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் தேதி அறிவிக்கப்பட்டதும் பல வீடுகளில் முதல் வேலையாகக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் போன வருடத்துப் பையைத் திறந்து தரையில் கொட்டிப் பாருங்கள். பாதி எழுதிய நோட்டுகள், நல்ல நிலையில் இருக்கும் காம்பஸ், மூடி மட்டும் தொலைந்த பேனாக்கள் என்று எவ்வளவோ கிடைக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. அவை கைக்கு வந்த பிறகு குறைவதை மட்டும் வாங்கினால் போதும். கீழ்வகுப்புகளுக்குப் புத்தகங்கள் பருவம் பருவமாகத்தான் வருகின்றன. எனவே அட்டை போடும் பிரவுன் ஷீட்டையும் லேபிளையும் வருடத்துக்கு மொத்தமாக வாங்கி அடைத்து வைக்கத் தேவையில்லை. ஷூ மட்டும் பிள்ளையை அழைத்துப் போய், மாலை நேரத்தில், சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டியது. நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது கடிக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு வேறு. எது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரியும்படி பொருள்களை அடுக்குவது. அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா. சீருடை பீரோவின் மேல் தட்டில், சாக்ஸ் துவைத்த துணிக் குவியலில், அடையாள அட்டை தொலைக்காட்சிப் பெட்டியின் மேல். பிறகு ஏழரை மணிக்கு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது, "அம்மா, என் பெல்ட் எங்கே?" என்ற குரல் வருகிறது. பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்று திட்டுகிறோம். கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, தானே எடுத்துக்கொள்ளவில்லையே என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கடிந்துகொள்வது எப்படி நியாயமாகும்?

பீரோவின் கீழ்த்தட்டைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். ஒரு நாளைக்கான சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ், பெல்ட் ஆகியவற்றை ஒரே அடுக்காகச் சேர்த்து வையுங்கள். வாசலுக்கு அருகில், பிள்ளையின் தோள் உயரத்தில் இரண்டு கொக்கிகள் அடித்தால் ஒன்றில் பையும் மற்றொன்றில் அடையாள அட்டையும் தொங்கும். பள்ளிவிட்டு வந்ததும் அங்கே மாட்டப் பழகிய பிள்ளை மறுநாள் தேடாது. பழக ஓரிரு வாரம் ஆகும். அதுவரை நாமே எடுத்து மாட்டிவிடாமல் பொறுத்திருப்பதுதான் கடினம். எது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கும் தெரிய வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் வரும் நாளில் பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது.

அடுத்தது பையின் கனம். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ. பலர் புத்தகங்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. எவர்சில்வர் பாட்டிலின் எடை தனி. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைக்கும் என்றால் அரை லிட்டர் பாட்டில் கொடுத்து நிரப்பிக்கொள்ளச் சொல்லலாம். கால அட்டவணையைப் பார்த்து இரவிலேயே பையை அடுக்க வேண்டும், அதுவும் பிள்ளையின் கையால். காலையில் அடுக்கினால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் புத்தகங்களும் உள்ளே போய்விடும். டைரியில் கையெழுத்துப் போடும் வேலையும் இரவோடு முடியட்டும்.

டிபன் பாக்ஸ் விஷயத்தில் ஒன்று. மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றாமல் கழுவுவது பல வீடுகளில் வழக்கம். வளையத்துக்கு அடியில் தயிர்சாதத்தின் புளித்த பிசுக்கு தங்கிக் கறுத்துப்போகும். மூடியைத் திறந்ததும் வரும் வாடைக்காகவே சாப்பாட்டை மிச்சம் வைக்கும் பிள்ளைகள் உண்டு. ஸ்பூன் காம்பால் நெம்பினால் வளையம் வந்துவிடும். தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்துப் பொருத்துங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடிக்கும் இதுவே.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. உணவு வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறப்படும் என்பதால், கிளம்பும் நேரத்தை மணியடிக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிள்ளை பசியோடு உட்காரும்.

கோடை விடுமுறை முழுக்கப் பதினொரு மணிக்குப் படுத்த பிள்ளையை, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது தேவை. பத்து நாள் முன்பிருந்தே எழுப்பும் நேரத்தை தினமும் கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். படுக்கும் நேரம் தானாகப் பின்தொடரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து இரவில் சண்டை போடுகிறார்கள்.

கடைசியாகச் சான்றிதழ்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நகல் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். அசலைப் பிள்ளையின் பையில் அனுப்பவே கூடாது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் தேவைப்படும் என்று தெரிந்தால் மே மாதத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும்.