ஒரே ஒரு யூரோப்பியம் சோர்ஸ்ல ரெண்டு நியூக்ளியஸோட ஷேப்ப கண்டுபிடிக்கிறது

டர்பன்ல பிஸிக்ஸ் ஹானர்ஸ் படிக்கிற நம்ம பசங்க நெறைய பேர், கேப் டவுன் பக்கத்துல இருக்கற இதெம்பா லேப்ஸ்ங்கற ஆக்ஸிலரேட்டர் லேப்ல பீம் டைம் (மெஷின ஓட்ட ஒதுக்கற நேரம்) கெடைச்சாதான் காமா ஸ்பெக்ட்ராஸ்கோப்பி, அதாவது நியூக்ளியஸ் விடற காமா கதிரோட எனர்ஜிய அளக்கறது, முடியும்னு நெனச்சிட்டு இருக்காங்க. சைக்ளோட்ரான் (துகள வேகமாக்கற மெஷின்) எல்லாம் வேணாம்பா. யூரோப்பியம்-152 சோர்ஸ் ஒண்ணு, ஜெர்மேனியம் டிடெக்டர் ரெண்டு, ஒவ்வொரு சிக்னலும் வந்த நேரத்த குறிச்சு வெக்கற (டைம் ஸ்டாம்ப் போடற) டிஜிட்டைசர் ஒண்ணு, இது போதும். காமா எப்படி வருதுங்கறதெல்லாம் டெக்ஸ்ட்புக்ல பாத்துக்கங்க.

ஏன் யூரோப்பியம்? அது 100க்கு 72 தடவ எலக்ட்ரான் கேப்சர்ல (தன்னோட எலக்ட்ரான் ஒண்ண நியூக்ளியஸே முழுங்கறது) சமேரியம்-152 ஆகுது, மிச்ச 28 தடவ பீட்டா விட்டு கடோலினியம்-152 ஆகுது. ரெண்டும் எக்ஸைட்டட் ஸ்டேட்ல (எனர்ஜி ஏறின நெலையில) வந்து விழுந்து, காமா விட்டு விட்டு கீழ எறங்கும். அந்த படிக்கட்டதான் நாம வரையப் போறோம்.

ஸ்டெப் 1: டிடெக்டர். லிக்விட் நைட்ரஜன் ஊத்தி நல்லா குளுந்த பெறகுதான் ஹை வோல்டேஜ், அதையும் மெதுவா ஏத்தணும். லோட்ஷெடிங் வந்து கரண்ட் போயிட்டு வந்தா ஹை வோல்டேஜ் தானா ஏறற மாதிரி விடவே விடாதீங்க, கையால ஏத்துங்க, ஏத்திட்டு காலிப்ரேஷனையும் திரும்ப பாருங்க. டர்பன் புழுக்கத்துல டிடெக்டர் மூஞ்சி வேர்த்திருந்தா க்ளைமேட்தானேன்னு விட்றாதீங்க, உள்ள வாக்யூம் போயிருக்கலாம்.

ஸ்டெப் 2: காலிப்ரேஷன், அதாவது சேனல் நம்பர எனர்ஜியா மாத்தறது. யூரோப்பியம் சோர்ஸோட தெரிஞ்ச பீக்குங்க 121.8ம் 1408.0 கேஈவியும் (கேஈவிங்கறது காமா எனர்ஜியோட அளவு) வெச்சு நேர்கோடு போடுங்க, நடுவுல 344.3, 778.9, 964.1 சரியா உக்காருதான்னு பாருங்க. செவுத்துல இருக்கற பொட்டாசியம்-40 ஓட 1460.8 எப்பவும் ஓசியா கெடைக்கும், அதுவும் ஒரு செக். நாலாம் டிகிரி பாலினாமியல் போடறவங்கள எனக்கு சுத்தமா புடிக்காது.

ஸ்டெப் 3: கோயின்சிடென்ஸ், இங்கதான் எல்லாரும் மாட்றது. ஒரு டிடெக்டர் ஸ்பெக்ட்ரத்த மட்டும் பாத்தா எந்த பீக் சமேரியம் எது கடோலினியம்னு பிரிக்கவே முடியாது, எல்லாம் ஒண்ணா கெடக்கும். அதனால ரெண்டு டிடெக்டர்லயும் ஒரே நேரத்துல வந்த ஜோடிங்கள மட்டும் எடுத்து (இதுதான் கோயின்சிடென்ஸ்) மேட்ரிக்ஸ் போட்டு, கடோலினியத்தோட 344.3 மேல கேட் வெக்கணும், அதாவது ஒரு டிடெக்டர்ல 344.3 விழுந்தப்ப இன்னொண்ணுல என்ன வந்துச்சுன்னு மட்டும் பாக்கணும். 411.1, 778.9 மாதிரி கடோலினியத்தோட பீக்குங்க மட்டும்தான் வரணும். ஆனா முத தடவ பாக்கறப்ப சமேரியத்தோட 121.8 பெருசா நிக்கும்! டேட்டாபேஸ் தப்பா, சோர்ஸ்ல கலப்படமான்னு மண்ட காயும். ரெண்டும் இல்ல. 344 பீக்குக்கு அடியில, சமேரியத்தோட 964, 1112, 1408 எல்லாம் காம்ப்டன் ஸ்காட்டர் ஆகி (எலக்ட்ரான் மேல மோதி செதறி) எனர்ஜில ஒரு பகுதிய மட்டும் டிடெக்டர்ல போட்டுட்டு போனது கெடக்குது, அதோட ஜோடிதான் இந்த 121.8. அதனால பீக் மேல ஒரு கேட், பக்கத்துல பீக் இல்லாத எடமா பாத்து ரெண்டு பக்கமும் பேக்ரவுண்ட் கேட், சேனல் அகலத்துக்கு ஏத்த மாதிரி ஸ்கேல் பண்ணி கழிங்க. 121.8 சீரோ பக்கம் வந்து, கொஞ்சம் மைனஸ்ல ஆடினாலும், 411.1 அப்படியே நின்னா கேட் கரெக்ட். அப்பறம் 121.8 மேல கேட் வெச்சு கழிச்சு பாருங்க, 244.7 இருக்கணும், 1085.9 போயிடணும், ஏன்னா அது நேரா க்ரவுண்ட் ஸ்டேட்டுக்கே குதிக்கறது.

சாஃப்ட்வேர்: மேட்ரிக்ஸ், கேட் வேலைக்கு ராட்வேர் (RadWare) தான் என் சாய்ஸ், பழசு மாதிரி தெரியும் ஆனா இதுக்குன்னே செஞ்சது. ரூட் (ROOT) சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க அதுலயே பண்ணுங்க. எக்ஸெல்ல பண்றேன்னு வராதீங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 4: இப்ப கூட்டுங்க. 2+, 4+ங்கறது ஸ்பின் 2, 4 இருக்கற படிங்க. சமேரியம்: 2+ 121.8ல, 4+ 121.8 + 244.7 = 366.5ல. கடோலினியம்: 2+ 344.3ல, 4+ 755.4ல. 4+ஐ 2+ஆல வகுத்தா சமேரியத்துக்கு 3.01, கடோலினியத்துக்கு 2.19. ரக்பி பந்து மாதிரி நீண்டு விறைப்பா சுத்தற நியூக்ளியஸுக்கு 3.33 வரணும், உருண்டையா இருந்து அதிர்ற நியூக்ளியஸுக்கு 2. மாஸ் ரெண்டுக்கும் 152தான், ஆனா சமேரியத்துல 90 நியூட்ரான், கடோலினியத்துல 88. ரெண்டு நியூட்ரான் கூடினதும் ஷேப் எப்படி மாறுது பாத்தீங்களா! இந்த 88, 90 ஏரியாவதான் இதெம்பாவுல அஃப்ரோடைட் டிடெக்டர் வரிசைய வெச்சு நல்லா நோண்டியிருக்காங்க.

அப்டேட்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து ஒரு தங்கச்சி கமெண்ட்ல கேட்டுது, "அண்ணா, 1123ல ஒரு பீக் வருது, டேபிள்ல காணோமே?" சோர்ஸ டிடெக்டர் மேலயே ஒட்டி வெச்சிருந்திருக்கும்மா. 344.3ம் 778.9ம் ஒரே டிடெக்டர்ல சேந்து விழுந்தா 1123.2 ஆயிடும். சோர்ஸ 25 சென்டிமீட்டர் தள்ளி வெச்சா அநேகமா காணாம போயிடும், கவுண்ட் கொறையும், ராத்திரி பூரா ஓட விடுங்க. இதே மாதிரி 121.8ம் 964.1ம் சேந்தா 1085.9, அங்க நெஜமாவே ஒரு பீக் இருக்கறதால கண்ணுக்கு தெரியாது, இன்டென்ஸிட்டி மட்டும் ஏறியிருக்கும். எஃபிஷியன்சி கர்வ் (எந்த எனர்ஜில எவ்வளவு காமாவ டிடெக்டர் புடிக்குதுங்கற கோடு) போடறவங்க இத கவனிங்க.