டார் கோப்பிலிருந்து மென்பொருள் நிறுவும்போது எங்கே சறுக்குகிறது

உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துபவர்கள் ஒரு மென்பொருளை முதலில் ஏபிடி (apt) என்ற நிறுவும் கருவியின் களஞ்சியத்தில் தேட வேண்டும். அங்கே இருப்பதை விட்டுவிட்டு டார்.ஜிஇசட் (tar.gz) என்ற சுருக்கிய கட்டுக் கோப்பைத் தேடிப் போவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஏபிடி வழியே நிறுவியதைச் சிஸ்டம் அப்டேட்டே பார்த்துக்கொள்ளும். கையால் நிறுவியதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

களஞ்சியத்தில் இல்லை, டார் கோப்புதான் கதி என்றால் எடுத்தவுடன் பிரித்துவிடாதீர்கள். டார் கட்டளைக்கு டிஎஃப் (tf) என்ற ஆப்ஷன் கொடுத்தால் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் மட்டும் வரும். எல்லாம் ஒரே அடைவுக்குள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் காலி அடைவு ஒன்றை உருவாக்கி அதற்குள் பிரியுங்கள். ஹோம் அடைவு முழுக்கச் சிதறிய கோப்புகளைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. ஜிஜிப் (டார்.ஜிஇசட்டின் சுருக்க முறை) வடிவத்தில் இல்லை என்று பிழை வந்தால், பெரும்பாலும் கோப்புக்குப் பதில் ஏதோ ஒரு இணையப் பக்கம் இறங்கியிருக்கும். ஃபைல் கட்டளை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிஎஃப் காட்டும் பட்டியலிலேயே அது தயார் நிரலா, மூலநிரலா என்பதும் தெரிந்துவிடும். பின் (bin) என்ற அடைவு இருந்தால் பெரும்பாலும் தயார் நிலையில் உள்ள நிரல். அதை மேக் (make) கட்டளையால் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற, வேண்டியதில்லை. ஆனால் ஏஆர்எம் வகைச் செயலி உள்ள கணினியில் எக்ஸ்86-64 வகைச் செயலிக்கான நிரல் ஓடாது. உங்களுடையது எது என்று யூநேம் -எம் கொடுத்து முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ஃபிகர் என்ற கோப்பு இருந்தால் அது மூலநிரல். பில்ட்-எசென்ஷியல் தொகுப்பு இல்லாமல் தொடங்கினால் கம்பைலரே இருக்காது. அடுத்து எல்லோரையும் குழப்புவது, இசட்லிப் போன்ற ஏதோ ஒரு நூலகத்தைச் சொல்லி, 'இசட்லிப் இல்லை' என்கிற மாதிரி வரும் பிழை. அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். ஓடுவதற்கான நூலகம் இருக்கிறது. கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் இல்லை. டெபியனில் அவை -டெவ் என்று முடியும் தனித் தொகுப்பில் வரும், ஃபெடோராவில் -டெவெல்.

கன்ஃபிகர், மேக் இரண்டையும் சுடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள். கன்ஃபிகர் என்பது யாரோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக நுழைய வைத்த வழி, ஒன்று வெளிப்பட்டது. அதை இயக்கிவிடும் ஸ்கிரிப்ட், மூலநிரலை வைக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. ஷா256 தொகையை (கோப்பின் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிடுவதும் ஓரளவுக்குத்தான் உதவும்: கோப்பும் தொகையும் ஒரே தளத்திலிருந்து வந்தால், இறக்கும்போது சேதமானதா என்பது மட்டுமே தெரியும்.

ப்ரிஃபிக்ஸை, அதாவது நிறுவும் இடத்தை, யூஎஸ்ஆர் என்று மாற்றுவது மிக மோசமான தவறு. அது ஏபிடியின் இடம். அதன் கோப்புகளை நீங்கள் மேலெழுதினால் அடுத்த அப்டேட் உங்களுடையதை மேலெழுதும். இயல்பான யூஎஸ்ஆர்/லோக்கலில் மோதல் குறைவு, ஆனால் எல்லாம் கலந்துவிடும். மேக் அன்இன்ஸ்டால் எல்லா மென்பொருளிலும் இருக்காது. இருந்தாலும் பிரித்த மூல அடைவு வேண்டும், அதைத்தான் இடம் அடைக்கிறது என்று முதலில் அழித்திருப்போம். ஓபிடி அடைவுக்குள் பெயரும் பதிப்பெண்ணும் சேர்த்துத் தனி ப்ரிஃபிக்ஸ் கொடுத்தால், நீக்க அந்த ஒரு அடைவை அழித்தால் போதும். கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றில் சுடோ தேவைப்படுவது கடைசி மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும்.

யூஎஸ்ஆர்/லோக்கலில் நூலகம் நிறுவியும் நிரல் அதைக் காணவில்லை என்றால் சுடோவுடன் எல்டிகன்ஃபிக் ஓட்டுங்கள். புதியதை நிறுவியும் பழைய பதிப்பே திறந்தால், பேஷ் (டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் ஷெல்) பழைய பாதையை நினைவில் வைத்திருக்கலாம். ஹேஷ் -ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.