மங்கு இருக்கிறதா? சன்ஸ்கிரீன் டியூபைத் திருப்பிப் பாருங்கள்

கன்னத்தில், மேலுதட்டில் மங்கு என்னும் கருந்திட்டு இருப்பவர்கள் சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணோடு நிறுத்தாமல், டியூபின் பின்பக்கத்தில் சி.ஐ. (நிறமிகளுக்கான குறியீடு) 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள் இவை. 77891 மட்டும் இருந்தால் அது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எஸ்.பி.எஃப். என்பது புற ஊதாக் கதிருக்கான கணக்குதான். நம் மாநிறத் தோலைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், அதிலும் 400 முதல் 450 நானோமீட்டர் வரையுள்ள ஊதா-நீல ஒளிக்கு, நல்ல பங்கு உண்டு. நிறமில்லாத கிரீமையும் கார் கண்ணாடியையும் அது சுலபமாகத் தாண்டிவிடும். இரும்பு ஆக்ஸைடு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த் மருந்துக்கடையில் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் விலை கையைக் கடிக்கிறதா? வீட்டில் கிடக்கும் ஃபவுண்டேஷன் புட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அதே எண்கள் இருக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் முதலில், அப்புறம் அதன்மேல் இது. பட்டும் படாமலும் தடவினால் பிரயோஜனம் இல்லை.

டர்பன் தைப்பூச வெயிலில் காவடிக்குப் பின்னால் நடக்கும்போது வியர்வையில் எல்லாம் கரைந்துவிடும், அன்றைக்குக் குடைதான். ஏற்கெனவே விழுந்த மங்கை இந்தப் பூச்சு போக்காது, மேலும் கறுக்காமல் பார்த்துக்கொள்ளும். போன் திரைக்குப் பயந்து பூச வேண்டியதில்லை, அந்த வெளிச்சம் அவ்வளவு வலுவானதல்ல.