கரவன் வான் வாங்குகிறீர்களா? முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

போன ஆவணியில் சாட்டிக் கடற்கரையில் ஒரு தம்பி தன் வானைக் காட்டினார். சுவிஸில் 20 வருடம் இருந்தவர். அங்கே கோடைக்குக் கோடை 'வோன்வாகன்' என்கிற, காருக்குப் பின்னால் பூட்டும் கரவனை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றிய பழக்கம். இங்கே அப்படி ஒன்று கிடைக்காததால் பழைய டொல்பின் ஹைஏஸ் வான் ஒன்றை வாங்கி, கட்டில், அலுமாரி, சின்ன பிரிட்ஜ், மேலே சோலார் என்று எல்லாம் போட்டிருந்தார். "உள்ளுக்கு வந்து பாருங்கோ அண்ணை, வீடு மாதிரி" என்றார். வீடு மாதிரித்தான் இருந்தது. நான் வெளியே நின்றபடி குனிந்து, கதவுப் படியின் தகட்டைப் பெருவிரலால் அழுத்தினேன். விரல் அரை அங்குலம் உள்ளே போனது.

2018இல் நானும் இதே ஆவணியில், இதே மாதிரி ஒரு வானை, இதே பெருமையோடு ஊருக்குக் காட்டித் திரிந்தவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒயில் பாருங்கள், லீசிங் வட்டியைக் கணக்குப் பாருங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அதைச் சொல்ல வீட்டுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார்.

அங்கே பார்த்ததை அப்படியே இங்கே இறக்க நினைப்பது

இழுத்துச் செல்லும் கரவனை ஒருமுறை கொக்குவில் ஒழுங்கை ஒன்றில், முடக்குக்குள் விட்டுப் பின்னுக்கு எடுப்பதாக நினைத்துப் பாருங்கள். எதிரே ஓர் ஆட்டோ, பின்னால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின். ஆசை அந்த இடத்திலேயே ஆறிவிடும். இன்னொன்று, சுவிஸ், ஜெர்மனிப் பக்கத்துக் கரவன்களுக்குக் கதவு வலப்பக்கம் இருக்கும். அங்கே வலப்பக்கமாக ஓடுகிறார்கள், இறங்கினால் வீதியோரம். நாங்கள் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். அந்தக் கதவால் பிள்ளை இறங்கினால் நடு வீதி.

ஆகவே பெரும்பாலும் எல்லோரும் வந்து நிற்பது பழைய ஹைஏஸில்தான். அதில் பிழை இல்லை. டொல்பினின் 2800 சிசி 3எல் இஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியாத கராஜ் பருத்தித்துறையிலிருந்து வவுனியா வரை இருக்காது. ஆனால் மலிவு என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய வான்களுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது.

உள்ளே வேலையை முடித்துவிட்டுக் கீழே பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். முதலில் என்னில்தான்.

யாழ்ப்பாணத்து வானைக் கறள், அதாவது துரு, இரண்டு பக்கத்தாலும் தின்னும். கீழிருந்து உப்பு. பண்ணைப் பாதையாலோ பொன்னாலைப் பாலத்தாலோ நெடுநாள் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். மேலிருந்து மழை. எங்களுக்குப் பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு முடிந்துவிடும். ஆனால் வான் கைமாறுவது ஆடி ஆவணியில். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து நிற்கும் நேரம், கையில் லீவும் இருக்கும் காசும் இருக்கும். நிலம் வெடித்துக் கிடக்கிற அந்த நாட்களில் ஒழுகுகிற வானும் ஒழுகாத வானும் ஒரே மாதிரித்தான் நிற்கும்.

நான் வாங்கிய வான் 19 இலட்சம். "கீழை புதுசா அண்டர்சீல் அடிச்சிருக்கு" என்றார் விற்றவர். கறள் பிடிக்காமல் அடித்தகட்டில் பூசும் கறுப்புப் பூச்சு அது. கன்னங்கரேல் என்று மினுங்கியது. அதற்காகவே 50 ஆயிரம் கூடக் கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 25 வருடம் ஓடிய வானின் அடியில் நேற்று அடித்த அண்டர்சீல் இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கறளின் மேல் அடித்தால் அது கறளை மூடும், நிறுத்தாது.

அப்புறம் உள்வேலைக்கு 6 இலட்சம். தரைக்குப் பிளைவூட், அதன்மேல் லினோலியம், இரண்டையும் பசையால் ஒட்டியாயிற்று. சூடு இறங்காமல் இருக்கச் சுவருக்குள் ஸ்பொஞ். சோலார் தட்டு பூட்டக் கூரையில் எட்டு ஓட்டை, சுற்றிவரச் சிலிக்கன். அந்தச் சிலிக்கனைப் பழைய பெயின்றின் மேலேயே பூசினோம். பெயின்ற் உரிந்தால் சிலிக்கனும் அதோடு சேர்ந்து எழும்பும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் முற்றத்திலும் நல்ல மழை. வானுக்குள் ஒரு துளி ஒழுகவில்லை. "பார், என்ன வேலை!" என்று மனிசியிடம் சொன்னேன். ஒழுகாத காரணம் பின்னால்தான் விளங்கியது. கூரையால் இறங்கிய தண்ணீர் முழுவதையும் சுவருக்குள் இருந்த ஸ்பொஞ் குடித்துவிட்டது. குடித்ததை மெல்ல மெல்லத் தரைப் பலகைக்குக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. மேலே லினோலியம், காயவும் வழியில்லை.

மாசியில் உள்ளே நனைந்த சாக்கு மணம். சாம்பிராணி போட்டோம். பங்குனியில் மன்னார் போகும் வழியில், சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்குக் கிட்ட ரயர் பஞ்சர். ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். சுற்றச் சுற்ற ஜாக்கி ஏறியது, வான் ஏறவில்லை. குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை வானின் விளிம்புத் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. உழவு மெஷினை நிறுத்தி உதவிக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, இது தகரம் இல்லை, பப்படம்."

கராஜில் முதல் கேள்வி, "உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் கழட்டலாமோ?" கழற்ற முடியாது. ஒட்டியிருக்கிறது. கழற்றாமல் ஒட்டுவேலை செய்யவும் முடியாது, ஸ்பொஞ்சும் பிளைவூட்டும் பக்கத்தில் இருக்க வெல்டிங் பொறி பறந்தால் வானே போய்விடும். உடைத்து எடுத்தோம். தகடு வெட்டி ஒட்டி, துருவெதிர்ப்பு பிரைமர் அடித்து, பொருத்துகளுக்குச் சீலர் வைத்து முடிக்க மூன்றரை இலட்சம். உள்வேலையை மறுபடி செய்ய இன்னும் மூன்று. வெறும் வானாக ஆவணியிலேயே கொண்டுவந்திருந்தால் ஒரு இலட்சத்துக்குள் முடிந்திருக்கும் என்று தகடு ஒட்டிய ரிங்கர் வேலைக்காரர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு காந்தம், ஒரு ஸ்குரூட்ரைவர், ஒரு தண்ணீர்க் குழாய் போதும். ஸ்குரூட்ரைவர்ப் பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீர் என்னும், செத்த தகடு மட்டை போலச் சத்தம் போடும். காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்த புட்டிப் பசை இருக்கிறது. கதவுப் படி, பின் சில்லுக்கு மேல் வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கூரைப் பீலி, பின் வில்லுகள் பூட்டியிருக்கும் சேசிஸ் பகுதி, இவ்வளவையும் விடாமல் பாருங்கள். பிறகு கூரையில் அரை மணித்தியாலம் தண்ணீர் அடித்து, பாயைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் பாயைத் தூக்க விடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகும் அவசரப்பட வேண்டாம். ஒரு மாரி முழுக்க வெறும் வானாக ஓடுங்கள், மடக்குக் கட்டிலும் பாயும் போதும். எங்கே ஒழுகுகிறது என்று மழையே காட்டித் தரும். அதற்குப் பிறகு பலகை அடியுங்கள், அதையும் பசையால் ஒட்டாமல் நட்டும் போல்ட்டும் வைத்து.

சாட்டியில் அந்தத் தம்பிக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். "இல்லை அண்ணை, சிலிக்கன் நல்லா அடிச்சிருக்கு" என்றார். நானும் அப்போது இதைத்தான் சொன்னேன்.

திறந்த பேப்பரில் வாங்குவது

பெயர் மாற்றாமல், விற்பவர் கையெழுத்து வைத்த பேப்பரோடு வாங்குவதைச் சொல்கிறேன். வேண்டாம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறாத வரை அது அடுத்தவரின் வான்.

நிறையை மறப்பது

18 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு தாள் 30 கிலோவுக்கு மேல். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, 100 லீற்றர்த் தாங்கி வைத்தால் ஓர் ஆள் எப்போதும் வானுக்குள் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால் அந்தப் பக்கத்து வில்லும் ரயரும் முதலில் போகும். ரயரின் பக்கச் சுவரில் தேதி இலக்கம் நான்கு இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். பூ நிறைய இருக்கிறது என்று பத்து வருட ரயரைத் தலையில் கட்டுவார்கள்.

தாங்கிக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டால் சின்னப் பம்பில் சுண்ணாம்பு படியும். என்னுடையது இரண்டு முறை இறுகி நின்றது.

இரவு முழுக்க ஏசி போடலாம் என்ற கனவு

12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் இருப்பது 1200 வாட் மணி. பற்றரி நீடிக்க வேண்டுமானால் அதில் பாதிதான் எடுக்கலாம். சின்ன அறை ஏசி ஒன்று 800 வாட் அளவில் இழுக்கும். முக்கால் மணித்தியாலத்தில் கதை முடிந்தது. 25 வாட் காற்றாடி என்றால் அதே பற்றரியில் இரண்டு இரவு போகலாம். காற்றாடியைப் போட்டு, நிழலில் நிறுத்தி, கண்ணாடியைத் திறந்து நுளம்பு வலை அடியுங்கள்.

காப்புறுதிக்காரரிடம் சொல்லாமல் உள்ளே மாற்றுவது

எழுத்தில் சொல்லுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிற்கிற வண்டிக்குச் செலவில்லை என்று நினைப்பது

2019இல் ஒரு கொப்பி வைத்து எழுதினேன். ஒட்டுவேலையைச் சேர்க்கவில்லை. காப்புறுதி, வாகன வரிப்பத்திரம், அதற்கு முன் புகைப் பரிசோதனை, இரண்டு ரயர், ஒரு பற்றரி, சர்வீஸ், எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து 80 ஆயிரம். டீசல் வேறு. அந்த வருடம் வானுக்குள் படுத்தது 11 இரவு. ஓர் இரவுக்கு 16 ஆயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு மன்னாரில் நல்ல அறையெடுத்து, நண்டுக்கறியோடு சாப்பிட்டு, மிச்சமும் கொண்டு வந்திருக்கலாம். கொப்பியை மனிசிக்குக் காட்டவில்லை.

ஓடாவிட்டால் குறையும் என்றும் இல்லை. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது, கிடைத்ததும் இல்லை. பிறகு எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு. வான் எட்டு மாதம் முற்றத்தில் நின்றது. பற்றரி செத்தது, ரயர் ஒரு பக்கம் தட்டையானது, எலி வயரைக் கடித்தது. வருடத்தில் ஒரு மாதமாவது உண்மையில் அதற்குள் படுப்பீர்களா என்று முதலில் உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் வாடகைக்கு எடுப்பது இலாபம்.

தென்னைக்குக் கீழ் நிறுத்துவது

இதற்கும் விளக்கம் வேண்டுமா?

சீற்றுகளை எறிவது

கட்டில், அலுமாரியோடு விற்றால் கூட விலை போகும் என்று நினைத்தேன். முதல் வானை விற்க விளம்பரம் போட்டபோது வந்தவர்களில் ஒருவருக்காவது கட்டில் வேண்டியிருக்கவில்லை. ஹயர் ஓடுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் ஏற்றுகிறவர்கள். உள்ளே எட்டிப் பார்த்து எல்லோரும் கேட்டது ஒன்றே: "சீற்றுகள் எங்கை?" அவற்றை நான் பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் கொடுத்திருந்தேன்.