அப்பாவின் சாப்பாட்டு கேரியருக்கு எந்த மடிப்பு?

வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டினால் கேரியரும் கரண்டியும் கேரம் ஸ்ட்ரைக்கரும் ஒரே அளவில், ஒரே முகத்தோடு வந்து உட்கார்ந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. சாமானை முதலில் கையில் எடுங்கள். எப்படித் திறக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அந்தப் படங்களை வைத்து நாமே செய்யும் குட்டிப் புத்தகத்தின் வடிவத்தை அதுவே சொல்லிவிடும்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, அதனால் தாளுக்கும் பிரிண்டருக்கும் அலைய வேண்டியதில்லை. நீங்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 200 ஜிஎஸ்எம் கெட்டித் தாளை ஏ3 அளவில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், விரல் ரேகை விழும்.

அப்பா துறைமுக வேலைக்குக் கொண்டுபோன மூன்றடுக்கு கேரியருக்கு விசிறி மடிப்புதான் சரி. ஏ3 தாளை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் 42 செ.மீ. நீளப் பட்டை கிடைக்கும். அதை 10.5 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக நான்கு பக்கம் ஆக்குங்கள். மேலிருந்து கீழே திறக்க வேண்டும். முதல் பக்கத்தில் மூடியும் கைப்பிடியும், அடுத்து ஒவ்வொரு அடுக்கு. பட்டையின் பின்பக்கத்தில் அதே அடுக்குகளை மேலிருந்து பார்த்த படம்.

எவர்சில்வரைப் படம் எடுப்பதுதான் பெரிய பாடு. நம் முகம், டியூப்லைட், எதிர்வீட்டுக் கொடித்துணி எல்லாம் அதில் தெரியும். லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் ஒன்றை நிறுத்துங்கள். போனை ஸ்டூலில் ஒரே உயரத்தில் வைத்து, கிட்டே போகாமல் 2 மடங்கு ஜூம் செய்தால் வட்டம் கோணாது. பெயர் வெட்டிய இடத்துக்கு மட்டும் வேட்டியை விலக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி பாத்திரத்தைத் திருப்புங்கள். அப்பாவின் இனிஷியல் எங்கள் கேரியரில் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது. நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது, பக்கத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் குழியாக எழுந்து நின்றது. உடைந்த கொக்கிக்குப் பதில் அவர் முறுக்கிய செம்புக் கம்பியும் அப்படித்தான் எடுபட்டது.

பிரிண்டில் ஒரு தந்திரம். வெட்டும் முன்பே, முழு ஏ3 தாளில் ஒரே பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை போட்டு, நீளப்பக்கமாகத் திருப்பிப் பின்பக்கத்தை அடியுங்கள். இடம் வலம் மாறினாலும் இரண்டும் ஒன்றுதானே. கூடவே தங்கச்சிக்கு ஒரு பிரதி. மடிப்புக் கோட்டில் 4 மி.மீ. வெள்ளை விடுங்கள், இல்லாவிட்டால் லேசர் மை வெடித்து உதிரும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து, இணங்கி வளையும் பக்கமாகவே மடிப்பு வரட்டும். மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்தி, மடித்து, கரண்டி முதுகால் தேயுங்கள்.

நீளச் சாமான்களுக்குச் சுவடி மாதிரி. காசிமேட்டில் சித்தப்பா வலை பின்னும் ஊசி, அம்மாவின் தோசைத் திருப்பி எல்லாம் நிஜ அளவிலேயே அடங்கும். ஏ4 தாளை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், இரண்டு ஓரத்திலும் உள்ளே தள்ளி ஒரு துளை. ஓலைச்சுவடியில் ஒரு துளைக்குக் கயிறு, இன்னொன்றுக்கு நாராசம் என்ற குச்சி. நமக்குத் தென்னந்துடைப்பக் குச்சி போதும். மேலும் கீழும் பைண்டிங் அட்டை. நிஜ அளவு சரியாக வர, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து, பிரிண்டில் வந்த ஸ்கேலை நிஜ ஸ்கேலோடு ஒப்பிடுங்கள். பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ அணைந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கர் சும்மா உட்காரும் பொருளே இல்லை. 2008 கேரம் உலக சாம்பியன் இளவழகியின் வியாசர்பாடி பக்கத்திலேயே இருக்கிறது, அதை அசையாமல் படம் எடுத்தால் தெருப் பையன்கள் சிரிப்பார்கள். போனைப் போர்டுக்கு மேலே அசையாமல் கட்டி, ஸ்ட்ரைக்கரை அரை செ.மீ. நகர்த்தி நகர்த்தி எடுங்கள். விசிட்டிங் கார்டு அளவில் அடித்து, வலது ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, இடது பக்கம் கிளிப் மாட்டினால் கட்டைவிரலால் உதறும்போது ஸ்ட்ரைக்கர் ஓடுவது போலத் தெரியும். தைப்பது அப்புறம், அந்த ஓட்டத்தின் வேகம் சரியாக வந்த பிறகு. அட்டைகள் ஒட்டிக்கொண்டால் ஓரத்தில் கேரம் பவுடரையே லேசாகத் தடவுங்கள்.