பிரஷர் உள்ள பெரியவர்கள் உடற்பயிற்சியில் செய்யும் தவறுகள்

"தினமும் வாக்கிங் போறேனே, அது போதாதா?" போதாது. நடந்தால் ரத்த அழுத்தம் குறையும், உண்மைதான். ஆனால் தாழ்வான சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழவும், படியில் தடுமாறாமல் இறங்கவும் தொடையில் வலு வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. நம் வீடுகளில் பின்னிரண்டும் கணக்கிலேயே வருவதில்லை.

தசைப் பயிற்சி செய்பவர்களோ மூச்சை அடக்கிக் கெடுத்துக்கொள்கிறார்கள். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல பயிற்சி. அதைத் தம் பிடித்துச் செய்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, பி.பி. அந்த நொடியே எகிறும். மூச்சை விட்டதும் சரிந்து தலை சுற்றலாம். உட்காரும்போது மூச்சை இழுங்கள், எழும்போது விடுங்கள். எழும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது. 8 முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு 8 முறை. மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம், தலைகீழாக நிற்கும் சிரசாசனம் இரண்டும் பிரஷர்காரர்களுக்கு வேண்டாம்.

வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நிற்பது இன்னொரு தவறு. விரிந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் காலிலேயே தேங்கி, கண் இருட்டும். கடைசி 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடியுங்கள். புராஸ்டேட்டுக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், அவற்றை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பித் தங்களை விரட்டக் கூடாது. அந்த மாத்திரைகள் துடிப்பை அதிகம் ஏற விடாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

நடந்து வந்த கையோடு பி.பி. பார்த்துப் பதறுவதும் உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது போகட்டும். பிறகு முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்து பாருங்கள். பயிற்சிக்கு முன்பே 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சு அடைத்தாலோ வலித்தாலோ உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

சில வாரங்களில் பி.பி. அளவு இறங்கியதும் மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்கள் நிறையப் பேர். அளவுகளை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதா என்று அவர் சொல்லட்டும். அட்டெனலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.